ஜெயித்தவரை விடுங்கள், ஓட்டுப் போட்டவர்களைப் பாருங்கள்

கேள்வி: ஒரு நாடு முதன்முறையாகச் சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பதில் வரலாற்று முக்கியத்துவம் என்று என்ன இருக்கிறது? ஒபாமா ஜெயித்ததால் என்னதான் மாறியது?

திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தேர்தல் வந்தால் எங்களுக்கு வாக்குச்சாவடி டியூட்டி, எண்ணிக்கை டியூட்டி எல்லாம் வரும். அந்தப் பழக்கத்தில், யார் ஜெயித்தார் என்பதைவிட யார் போட்டு ஜெயித்தார் என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றும்.

ஒபாமா ஜெயித்தது 2008 நவம்பர் 4. எனக்கு அதைவிடப் பெரிய நாளாகப் படுவது அதே வருடம் ஜனவரி 3. ஜனநாயகக் கட்சி யாரை வேட்பாளராக நிறுத்தலாம் என்பதற்கான முதல் சுற்று அன்றுதான் அயோவா மாநிலத்தில் நடந்தது. சோளக்காட்டு மாநிலம், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளைக்காரர்கள். அங்கே ஒபாமா சுமார் 38 சதவீதம் வாங்கி முதலிடம் வந்தார். ஹிலாரி கிளிண்டனுக்கு மூன்றாம் இடம். அதுவரை கறுப்பின மக்களிலேயே பெரும் பகுதியினர் ஹிலாரி பக்கம்தான் சாய்ந்திருந்தார்கள். ஒபாமாவைப் பிடிக்காமல் இல்லை; வெள்ளைக்காரன் இவருக்குப் போடுவானா என்கிற சந்தேகம். அயோவா முடிவு வந்தது. மாதக் கடைசியில் தென் கரோலினாவில் கறுப்பின ஓட்டில் ஐந்தில் நான்கு பங்கு போல அவருக்கு விழுந்தது.

இந்தக் கணக்கு எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "நம்மாளு நல்லவருதான் வே, ஆனா பெரிய தெருக்காரன் போடுவானா? நம்ம ஓட்டை எதுக்கு வீணாக்கணும்?" என்று காலனி முனையில் நின்று பேசுவதை எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் கேட்கலாம். ஒரு சமூகத்தை ஒதுக்கி வைத்தால் கடைசியில் நடப்பது இதுதான். தன் ஆள் மேல் அதற்கே நம்பிக்கை இல்லாமல் போகும். அடுத்தவன் போட்ட பிறகுதான் இவன் போடுவான். முதல் சிறுபான்மைத் தலைவரின் முக்கியத்துவம் என்னைப் பொறுத்தவரை இந்த முடிச்சு அவிழ்வதில்தான் இருக்கிறது. மேடைப் பேச்சு, பதவியேற்புக் கூட்டம், கண்ணீர் எல்லாம் அப்புறம்.

இதைச் சொன்னால், அமெரிக்க வெள்ளைக்காரர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2008ல் வாக்களித்து வந்தவர்களிடம் எடுத்த கணிப்பின்படி வெள்ளையர் ஓட்டில் ஒபாமாவுக்குக் கிடைத்தது 43 சதவீதம். 2004ல் அதே கட்சியின் வெள்ளைக்கார வேட்பாளர் கெர்ரி வாங்கியது 41. அதாவது அவர் வாங்க வேண்டியதைத்தான் இவரும் வாங்கினார், கொஞ்சம் கூடவே. நிறத்துக்காக அந்த ஓட்டு ஓடிப்போகவில்லை, அவ்வளவுதான். கறுப்பினத்தவரின் ஓட்டுரிமை 1870லேயே அரசியல் சட்டத்தில் ஏறியும், தென் மாநிலங்களில் அவர்கள் பயமில்லாமல் பெயர் பதிய 1965ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்ட நாட்டில், அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயமில்லை.

எல்லா 'முதலும்' ஒரே எடை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022ல் பிரிட்டனில் ரிஷி சுனக் பிரதமரானது கட்சி எம்.பி.க்களின் ஆதரவால். அவர் தலைமையில் கட்சி சந்தித்த பொதுத்தேர்தல் 2024ல், அதில் தோற்றார்கள். 2004ல் மன்மோகன் சிங் வந்ததும் நேரடியாக அவர் பெயருக்கு விழுந்த ஓட்டால் இல்லை. ஆனாலும் 1984ல் டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்ட பிறகு, இருபது வருடத்தில் அதே டெல்லியில் ஒரு சீக்கியர் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதை லேசாகத் தள்ள எனக்கு மனமில்லை.

ஒதுக்கீட்டில் கிடைக்கும் பதவிக்கும் பொதுவில் நின்று ஜெயிக்கும் பதவிக்கும் உள்ள வித்தியாசத்தை சிங்கப்பூர் துல்லியமாகக் காட்டுகிறது. கடையநல்லூர், தென்காசிக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிறார்கள். அங்கே 2017 அதிபர் தேர்தல் மலாய் சமூகத்துக்கு என ஒதுக்கப்பட்டது. தகுதி பெற்றவர் ஒருவர்தான், ஹலிமா யாக்கோப். போட்டியே இல்லாமல் வந்தார். ஓட்டுப் போடும் வாய்ப்பே போனதே என்று அப்போது முணுமுணுப்பு இருந்தது. 2023 தேர்தலில் ஒதுக்கீடு கிடையாது. தமிழ் வம்சாவளியான தர்மன் சண்முகரத்தினம் இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து நின்று 70.4 சதவீதம் வாங்கினார். மக்களில் முக்கால் பங்கு போலச் சீனர்கள் இருக்கும் ஊர் அது. அதிபர் பதவிக்கு அதிகாரம் குறைவு, சீனரல்லாத ஒருவர் அங்கே இன்னும் பிரதமராக வரவில்லை. அது வேறு விஷயம்.

அதற்காக ஒதுக்கீடு வேண்டாம் என்று சொல்பவன் நானில்லை. எங்கள் பக்கம் ஒதுக்கீடு இல்லாவிட்டால் பல ஊராட்சிகளில் தலித் ஒருவர் வேட்புமனுவே வாங்கியிருக்க மாட்டார். ஆனால் தனி ஊராட்சியில் நிற்பவர் எல்லோருமே அந்தச் சமூகம்தான் என்பதால், யார் ஜெயிப்பது என்ற போட்டி 'யாரோட ஆள்' ஜெயிப்பது என்று மாறிவிடும். பெரிய தெரு தனக்கு ஒத்துவரும் ஒருவரைப் பிடித்து நிறுத்தும். பொது ஊராட்சியில் தலித் ஒருவர் நின்றால்தான் உண்மையான பரீட்சை. அப்படி ஒருவர் நின்ற ஊராட்சியின் எண்ணிக்கையில் இருந்திருக்கிறேன். தலைவர் பதவிக்கு ரோஸ் கலர் சீட்டு. சாவடி வாரியாக எண்ண எண்ண, எந்தத் தெரு எவ்வளவு போட்டது என்று ஏஜெண்டுகள் கையில் உள்ள துண்டுத்தாளில் குறித்துக்கொண்டே வருவார்கள். பெரிய தெருச் சாவடியில் அவருக்கு ஒரு கட்டு சேர்ந்ததும் எதிர்த்தரப்பு ஏஜெண்ட் எழுந்து நின்றுவிட்டார். "சார், இது எங்க தெரு பெட்டிதானா? திரும்ப எண்ணுங்க." எண்ணினோம். அதே எண்ணிக்கைதான். அந்தத் தலித் வேட்பாளர் கடைசியில் தோற்றார், ஆனாலும் அந்தக் கட்டுதான் அன்றைய செய்தி.

சரி, ஜெயித்த பிறகு? அங்கேதான் கசப்பு. 1997ல் கே.ஆர். நாராயணன் நாட்டின் முதல் தலித் ஜனாதிபதியாகப் பதவியேற்றது ஜூலை 25. அதற்கு ஒரு மாதம்கூட முன்பில்லை, ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ராஷ்டிரபதி பவனுக்குப் போக முடிந்த நாட்டில் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போக முடியவில்லை. எங்கள் மாவட்டத்திலும், தாழையூத்து ஊராட்சித் தலைவியாக இருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். அதே வருடம் ஏப்ரலில்தான் ஒபாமா, தான் அமெரிக்காவில்தான் பிறந்தேன் என்று காட்டத் தன் முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே அளவு கொடுமை இல்லை, ஒரே குணம். உட்கார்ந்த பிறகும் 'நீ யார் இங்கே உட்கார' என்று கேட்பது. 2022ல்கூட, தலித் ஊராட்சித் தலைவர்கள் சுதந்திர தினத்தன்று கொடியேற்றத் தடை வரக்கூடாது என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலைமை.

என்னதான் மாறியது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியாகவே ஒரு பதில் உண்டு. 2012 தேர்தலில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வாக்குப்பதிவு 66 சதவீதத்தைத் தாண்டியது, வெள்ளையர் 64. அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறையின் கணக்கில் கறுப்பினத்தவர் முந்தியது அதுதான் முதல்முறை. நான் மேலே சொன்ன முடிச்சு அவிழ்ந்ததன் அளவு என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் டீக்கடையில் "ஜனாதிபதியே ஆயாச்சு, இன்னும் எதுக்கு ஒதுக்கீடு?" என்று ஒரு வாதம் அடிக்கடி ஓடும். அதே வாதம் அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூனில், 1965ஆம் வருட ஓட்டுரிமைச் சட்டத்தின் முதுகெலும்பான பிரிவை, அதாவது எந்தெந்த மாநிலங்கள் முன் அனுமதி வாங்காமல் ஓட்டு விதிகளை மாற்றக்கூடாது என்று சொன்ன பிரிவை, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் செயலிழக்க வைத்தார்கள். நிலைமை மாறிவிட்டது என்பதற்குத் தீர்ப்பில் காட்டிய ஆதாரங்களில் ஒன்று, அந்தச் சட்டம் முதலில் குறிவைத்த ஆறு தென் மாநிலங்களில் ஐந்தில் கறுப்பினத்தவர் வாக்குப்பதிவு வெள்ளையரை முந்திவிட்டது என்பது.