வெள்ளாட்டின் இரத்தத்தில் 18 லட்சம் தட்டணுக்களா?

கேள்வி: இராசிபுரம் பக்கம் 22 சேலம் கருப்பு ஆடுகள் வளர்க்கிறேன். அவற்றில் மூன்று வயதுப் பெட்டை ஒன்று ஒரு மாதமாக மேய்ச்சலில் பின்தங்குகிறது, உடம்பும் இளைத்துவிட்டது. அதன் இரத்தத்தை, மனிதர்களுக்குப் பரிசோதனை செய்யும் ஓர் ஆய்வகத்தில் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 8.6 கிராம், சிவப்பணு 23 லட்சம், சிவப்பணுவின் சராசரி அளவு 39, எச்.சி.டி. 9 சதவீதம், எம்.சி.எச்.சி. 96, தட்டணு 18 லட்சம், லிம்போசைட் 64 சதவீதம் என்று அறிக்கை வந்தது. இரத்தப் புற்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆட்டை விற்றுவிடலாமா?

பதில்: இந்த அறிக்கையை வைத்து ஆட்டை விற்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய எண்களில் ஹீமோகுளோபின் ஒன்றைத்தான் ஓரளவு நம்பலாம். மற்றவற்றில் பெரும்பாலானவை மனித இரத்தத்தை எண்ணுவதற்காக அமைக்கப்பட்ட கருவி, ஆட்டு இரத்தத்தைத் தவறாகப் பிரித்து எண்ணியதால் வந்தவை.

தானியங்கி இரத்த அணுக் கருவிகள் பலவும், அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற முறையிலேயே இன்றும் இயங்குகின்றன. உப்புக் கரைசலில் கலந்த இரத்தம் மயிரிழை அகலமே உள்ள ஒரு துளை வழியாக உறிஞ்சப்படும்போது, துளையைக் கடக்கும் ஒவ்வோர் அணுவும் அங்கே பாயும் மின்சாரத்தைக் கணநேரம் தடுக்கிறது; அணு பெரிதாக இருந்தால் தடையும் பெரிதாகும். சிவப்பணுவையும், இரத்தம் உறைய உதவும் தட்டணுவையும் கருவி நிறத்தாலோ உருவத்தாலோ அடையாளம் காண்பதில்லை, பருமனை வைத்தே பிரிக்கிறது. மனிதச் சிவப்பணுவின் சராசரிப் பருமன் 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் (அணுவின் பருமனை அளக்கும் மிகச் சிறிய அலகு) என்பதால், ஏறத்தாழ 30-க்குக் கீழே உள்ளதெல்லாம் தட்டணு என்று கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். மாட்டின் சிவப்பணு 40 முதல் 60 வரை இருப்பதால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். செம்மறியின் அணு 28 முதல் 40 வரை, கோட்டின் மேலேயே தடுமாறும். வெள்ளாட்டின் சிவப்பணுவோ 16 முதல் 25 வரைதான். ஆகவே அதன் சிவப்பணுக்களில் பெரும்பகுதி கோட்டுக்குக் கீழே விழுந்து சிவப்பணுக் கணக்கிலிருந்து விடுபடுகிறது, அதில் ஒரு பங்கு தட்டணுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் 80 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரை இருக்க வேண்டிய சிவப்பணு உங்கள் அறிக்கையில் 23 லட்சமாகச் சுருங்கியதற்கும், 3 முதல் 6 லட்சம் வரை இருக்க வேண்டிய தட்டணு 18 லட்சமாக ஏறியதற்கும் இதுவே காரணம். சராசரி அளவு 39 என்று வந்ததும் இதனால்தான்: கோட்டுக்கு மேலே நின்ற சில பெரிய அணுக்களும், துளைக்குள் ஒட்டிக்கொண்டு நுழைந்த இரட்டை அணுக்களும் மட்டுமே சராசரியில் சேர்ந்துள்ளன.

அறிக்கை தவறு என்பதற்கான சான்று அறிக்கையிலேயே இருக்கிறது. கருவி 23 லட்சத்தை 39-ஆல் பெருக்கி எச்.சி.டி. (இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கு) 9 என்று காட்டியுள்ளது, 8.6 கிராம் ஹீமோகுளோபினை அந்த 9-ஆல் வகுத்ததால் எம்.சி.எச்.சி. 96 ஆகியிருக்கிறது. ஒரு டெசிலிட்டர் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைச் சொல்லும் இந்த எண், ஆட்டில் 30 முதல் 36 கிராம் வரை இருக்கும். அணுவுக்குள் 96 கிராம் ஹீமோகுளோபினை அடைக்க எந்த உயிரினத்தாலும் முடியாது. ஆய்வகத்தில் யாராவது இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால், அறிக்கை உங்கள் கைக்கு வந்தே இருக்காது.

ஹீமோகுளோபினை அளக்கும்போது கருவி அணுக்களை உடைத்து, கரைசலின் நிறத்தை அளப்பதால், அணுவின் அளவு அங்கே குறுக்கிடுவதில்லை. 8.6 கிராம் என்பது வெள்ளாட்டுக்குரிய 8 முதல் 12 கிராம் வரம்பின் கீழ்ப்பகுதியில் நிற்கிறது. அதை மூன்றால் பெருக்கினால் உண்மையான எச்.சி.டி. 26 சதவீதம் அளவில் இருக்கலாம். 22 முதல் 38 வரை இயல்பு. வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் 64 சதவீதம் என்பதைப் பார்த்துத்தான் புற்று என்ற பேச்சு வந்திருக்கும். மனிதருக்கு அது மிகை. அசைபோடும் கால்நடைகளின் வெள்ளணுக்களிலோ லிம்போசைட்டே பெரும்பான்மை. நாயின் சிவப்பணு மனித அணுவை நெருங்கும் அளவுள்ளதால், நாய் வளர்ப்போர் சிலர் இதே ஆய்வகங்களில் ஓரளவு சரியான எண்களைப் பெற்றுவிடுகிறார்கள், அந்த நம்பிக்கையில்தான் ஆட்டு இரத்தமும் அங்கே போய்ச் சேருகிறது.

அப்படியானால் ஆடு ஏன் இளைக்கிறது? மேய்ச்சல் ஆட்டில் எனக்கு முதல் ஐயம், நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் ஹீமோன்கஸ் உருண்டைப் புழு மீதுதான். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லிலிட்டர் வரை இரத்தத்தை இழக்கச் செய்யும். ஆயிரம் புழுக்கள் இருந்தால் தினமும் 50 மில்லிலிட்டர். பகல் வெளிச்சத்தில் ஆட்டின் கீழ் இமையை மெல்லக் கீழிழுத்து உட்சவ்வைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் அவசரமில்லை. வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் ஐயம் வலுக்கிறது. வெள்ளைத்தாள் போல இருந்தாலோ, தாடைக்கு அடியில் நீர்கோத்த வீக்கம் தென்பட்டாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். புதிதாகப் போட்ட புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துச் சென்று அதில் புழு முட்டைகளின் எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். மருந்தின் அளவை ஆட்டை எடைபோட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். அண்மையில் சினையாகியிருக்கலாம் என்றால் அதை முன்பே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அல்பெண்டசோல் சினையின் முதல் மாதத்தில் ஆகாது.

இரத்தத்தை மீண்டும் பார்க்க விரும்பினால், உங்களுக்கு அருகிலுள்ள நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். எங்கே கொடுத்தாலும், கருவியில் ‘ஆடு’ என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து எண்ணினார்களா என்று கேளுங்கள். அவசரத்தில் ‘மாடு’ பிரிவிலேயே ஓட்டிவிடுவதும் உண்டு. கண்ணாடித் தகட்டில் இரத்தப் பூச்சு செய்து நுண்ணோக்கியில் பார்க்கவும் சொல்லுங்கள், ஏனெனில் அணுவுக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியைக் கருவி எண்ணாது. கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தை, உறைதலைத் தடுக்கும் மருந்துள்ள ஊதா மூடிக் குழாயில் கோடு வரை நிரப்பி, உடனே எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் அணுக்கள் உடையும், கலக்காமல் விட்டால் உறைந்து கட்டியாகும். குழாயைத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, பனிக்கட்டி நேரடியாகத் தொடாதபடி, அன்றைக்கே கொண்டு சேர்த்துவிடுங்கள்.