ஃபேன் மாட்டும் முன் கொக்கியைப் பாருங்கள்

கேள்வி: படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு. 1400 மி.மீ. ஃபேன் வாங்கலாமா?

1200 போதும். கடையில் 48 இன்ச் என்பார்களே, அதுதான். இருபதடி நீள ஹாலாக இருந்தால்கூட பெரியதாக ஒன்று மாட்டுவதைவிட 1200 இரண்டு மாட்டுங்கள், காற்று எல்லா மூலைக்கும் வரும்.

கேள்வி: பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) விலை அதிகமாக இருக்கிறதே, கட்டுப்படியாகுமா?

சாதாரண ஃபேன் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும், இது 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். அதனால் நாள் முழுக்க ஓடும் அறைக்கு முதலில் வாங்குங்கள். எப்போதாவது போடும் அறைக்குப் பழையதே இருக்கட்டும். சுவரில் இருக்கும் ரெகுலேட்டரோடு மட்டும் இதைச் சேர்க்க வேண்டாம், நேரடி இணைப்புதான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: வாடகை வீடு. கொக்கி துருப்பிடித்திருக்கிறது. அதிலேயே மாட்டலாமா?

அவசரப்படாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, உப்புத்தாளால் துருவைத் தேய்த்துப் பாருங்கள். அடியில் இரும்பு பளிச்சென்று தெரிந்தால் அது மேல்துருதான். பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கம்பி மெலிந்திருந்தால் வேண்டவே வேண்டாம். கொக்கியைச் சுற்றி சிமெண்ட் வெடித்திருந்தாலும் அப்படித்தான். வீட்டுக்காரரிடம் சொல்லி, கான்கிரீட் நன்றாக இருக்கும் இடத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட்டோடு புதுக் கொக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கொக்கி சரி என்றால், அடுத்தது பின். ஃபேன் தொங்கும் ராடைத் தாங்கும் போல்ட்டின் நுனியில், நட்டுக்கு வெளியே ஒரு சின்ன பின் செருகுவார்கள். அதன் இரண்டு காலையும் விரித்து மடக்கியிருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஃபேனைக் கழற்றியபோது, பின் இருக்க வேண்டிய ஓட்டையில் கட்டுக்கம்பித் துண்டு ஒன்றுதான் இருந்தது. நேர் கீழே குழந்தையின் பாய். அன்றிலிருந்து, மேலே கொக்கியை மறைக்கும் கப்பை மூடுவதற்கு முன் பின்னை வீட்டில் இருப்பவருக்குக் காட்டாமல் நான் இறங்குவதில்லை. உங்கள் எலக்ட்ரீஷியனிடமும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: ஐந்தில் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது.

பெரும்பாலும் கண்டன்சர், அதாவது மோட்டார் சுற்ற உதவும் சின்ன டப்பா, பழுதாகியிருக்கும். பழையதில் என்ன அளவு போட்டிருக்கிறதோ, அதையே வாங்குங்கள். வேகம் வேண்டும் என்று கூடுதல் அளவு போட்டால் மோட்டார் சூடாகிவிடும்.

கேள்வி: புதிதாக மாட்டியும் ஆடுகிறது.

ஒரு குச்சியை மேலே சீலிங்கில் முட்டுக்கொடுத்து, முதல் இறக்கையின் நுனிக்கு நேராக அதில் கோடு போடுங்கள். குச்சியை அசைக்காமல் ஃபேனைக் கையால் திருப்பி மற்ற இறக்கைகளையும் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதன் ஸ்க்ரூவை இறுக்குங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால் இறக்கை வளைந்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் எடை ஒத்துவராது, செட்டாகவே மாற்றுங்கள்.