கத்தலும் எதிர்க்குரலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நாளாகக் கேட்டு வருகிறேன். சாம் குக் உடனே பிடித்துப்போனார். தேன் மாதிரிக் குரல். ஆனால் அரீத்தா ஃபிராங்க்ளினிடம் வந்தால் நின்றுவிடுகிறேன். பெரிய குரல்தான், மறுக்கவில்லை. ஏன் இவ்வளவு கத்த வேண்டும்? ஒரே வரியை ஏன் திரும்பத் திரும்பப் பாட வேண்டும்? இன்னொன்று. இவர்கள் எல்லாரும் சர்ச்சில் பாடி வளர்ந்தவர்கள் என்கிறீர்கள். சாமிப் பாட்டில் கற்றதைக் காதல் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது அவர்களுக்கே உறுத்தவில்லையா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

உங்களுக்குப் பிடித்த சாம் குக்கிடமிருந்தே தொடங்குகிறேன். 1962இல் வந்த ‘பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ’ கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு சரணமும் முடியும்போது அவர் ‘யே’ என்பார், கூடவே இன்னொரு குரல் ‘யே’ என்று திருப்பித் தரும். அது லூ ராவ்ல்ஸ் குரல். அவரும் காஸ்பல், அதாவது சர்ச்சில் பாடும் சாமிப் பாட்டு, பாடி வந்தவர்தான்.

அதே பாட்டை 1963 ஜனவரியில் மயாமி ஹார்லெம் ஸ்குவேர் கிளப்பில் சாம் பாடியிருக்கிறார். அந்த ஒலிப்பதிவை அவசியம் கேளுங்கள். நேரே பாட்டுக்குள் போகமாட்டார். காதலியிடம் பேச வேண்டும், லைன் கொடு என்று டெலிபோன் ஆபரேட்டரைக் கூப்பிடுவார். தன்னுடைய ‘யூ சென்ட் மீ’யிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பாடுவார். குரல் கரகரக்கும். நீங்கள் சொன்ன தேன் எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். அப்புறம் பாட்டு தொடங்கி, அவர் ‘யே’ என்றதும் மொத்தக் கூட்டமும் ‘யே’ என்கிறது. ஸ்டூடியோவில் ஒருவர் செய்த வேலையை இங்கே அரங்கமே செய்கிறது. ரிக்கார்டு கம்பெனிக்கு இது ரொம்ப முரடாகப் பட்டது. 1964இல் சாம் இறந்து, 1985இல்தான் அந்த ஆல்பம் வெளியே வந்தது.

ஆகவே நீங்கள் கேட்டது சாமின் ஒரு பாதியை மட்டும். மறுபாதி, சோல் ஸ்டிரர்ஸ் என்ற காஸ்பல் குழுவில் பத்தொன்பது வயதில் சேர்ந்து அவர் கற்றது. அந்தக் குழுக்கள் பாடும்போது ஒரு வரி திரும்ப வருகிறது என்றால், கேட்பவர்கள் இன்னும் பதில் தரவில்லை, அல்லது பதில் வந்துவிட்டது, அதை இன்னும் ஏற்றலாம் என்று பொருள். 1955இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஷ்ரைன் அரங்கில் அவர் பாடிய ‘நியரர் டு தீ’ பதிவில் இது அப்படியே கேட்கும். கூட்டத்தின் சத்தம் ஏற ஏறப் பாட்டு நீள்கிறது. வரியை எத்தனை தடவை பாடுவது என்பதைப் பாடகர் தனியாக முடிவு செய்வதில்லை. ரிக்கார்டில் தனியாகக் கேட்கும் நமக்குத்தான் அது வெறும் திரும்பச் சொல்லலாகத் தெரிகிறது.

சரி, அரீத்தா. தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டில் புகழ்பெற்ற பிரசங்கியார். மகள் அந்தச் சர்ச்சிலேயே பாடி வளர்ந்தார். 1960இல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்தார். ஜாஸ், பழைய மேடைப் பாட்டு, பின்னால் கனமான வயலின்கள் என்று ஆறு வருடம் போனது. மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குரலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரை 1967 ஜனவரியில் அலபாமாவின் மஸல் ஷோல்ஸுக்கு அழைத்துப் போய், பியானோ முன்னால் உட்கார வைத்தார். வாசிக்க வந்தவர்கள் உள்ளூர் வெள்ளைக்கார இளைஞர்கள். ‘ஐ நெவர் லவ்டு எ மேன்’ பாட்டுக்கு முதலில் பிடி கிடைக்கவில்லை. ஸ்பூனர் ஓல்டம் எலெக்ட்ரிக் பியானோவில் தயங்கித் தயங்கி வரும் ஒரு சின்னத் துணுக்கைப் பிடித்தார். எல்லாரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். பாட்டின் தொடக்கத்தில் கேட்பது அதுதான். அன்றே ஒரு சண்டை மூண்டு அரீத்தா கிளம்பிவிட்டதால், முழுதாக முடிந்தது அந்த ஒரு பாட்டு மட்டுமே. மீதி வேலையை நியூயார்க்கில் செய்தார்கள். அதே அலபாமா இளைஞர்களையும் அங்கே வரவழைத்தார்கள்.

அங்கே பதிவானதுதான் ‘ரெஸ்பெக்ட்’. ஓட்டிஸ் ரெடிங் என்ற சோல் பாடகர் 1965இல் எழுதிப் பாடியபோது, அது வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் மரியாதை கேட்கும் கோரிக்கை. அரீத்தா அதைப் பெண்ணின் கோரிக்கையாக மாற்றினார், ‘ரெஸ்பெக்ட்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடத்தைச் சேர்த்தார். எனக்கு அதைவிட முக்கியம், பின்னால் பாடும் தங்கை கரோலினும் அக்கா எர்மாவும். ‘ஜஸ்ட் எ லிட்டில் பிட்’ என்று அவர்கள் விடாமல் எடுத்துக் கொடுப்பதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் ‘ரீ, ரீ, ரீ’ என்பார்கள். அது ‘ரெஸ்பெக்ட்’டின் முதல் அசை, வீட்டில் அரீத்தாவைக் கூப்பிடும் பெயரும் அதுதான். அடுத்த முறை அரீத்தாவை விட்டுவிட்டு அந்த இரண்டு குரல்களை மட்டும் பின்தொடருங்கள். அவர் எதற்காகக் குரலை உயர்த்துகிறார் என்பது தெரிந்துவிடும்.

உறுத்தலைப் பற்றிக் கேட்டீர்கள். இருந்தது. ‘வொண்டர்ஃபுல்’ என்ற தன் சாமிப் பாட்டை 1956இல் ‘லவபிள்’ என்று காதல் பாட்டாக்கியபோது, சாம் குக் டேல் குக் என்ற பெயரில்தான் வெளியிட்டார். காஸ்பல் ரசிகர்களுக்குத் தெரியக் கூடாதே! அந்தக் குரலை யார் அடையாளம் காணமாட்டார்கள்? அடுத்த வருடமே குழுவை விட்டு வெளியேறினார். அரீத்தாவுக்கு அந்தச் சிக்கல் குறைவு. சர்ச்சுக்கு வெளியே உள்ள பாட்டுக்குப் போக அவருடைய தந்தையே துணை நின்றார்.

1972 ஜனவரியில் அரீத்தா லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சர்ச்சில் இரண்டு இரவுகள் பாடினார். ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பம் அதுதான். அதில் ‘மேரி டோன்ட் யூ வீப்’. கோரஸ் ‘மேரி’, ‘மேரி’ என்று விடாமல் அழைத்துக்கொண்டிருக்க, மேரியின் சகோதரன், இறந்துபோன லாசருவை இயேசு உயிரோடு எழும்படி கூப்பிடும் இடத்துக்கு அரீத்தா வருகிறார். பெயரை மூன்று தடவை அழைக்கிறார். மூன்றும் ஒன்றுபோல இல்லை. லாசரு எழுந்து நடக்கும்போது ‘லைக் எ நேச்சுரல் மேன்’ என்கிறார். 1967இல் அவரே பாடிப் புகழ்பெற்ற ‘நேச்சுரல் வுமன்’ காதல் பாட்டு, விவிலியக் கதைக்குள் வந்து நிற்கிறது. அந்தச் சர்ச்சில் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை, ஆரவாரம்தான் கேட்கிறது. சோல் பாடகர் மார்வின் கேயின் பாட்டு ஒன்றையும் அங்கே பாடினார். எடுத்துக்கொண்டு போனதோடு நிற்கவில்லை, கொண்டுவந்தும் சேர்த்தார்.

முதலில் மயாமி பதிவு, பிறகு ‘ரெஸ்பெக்ட்’, கடைசியில் ‘மேரி’. இந்த வரிசையில் கேளுங்கள். முடிந்தால் ஹெட்ஃபோன் இல்லாமல், வீட்டில் நாலு பேர் இருக்கும்போது. பிறகும் கத்தலாகவே பட்டால் எந்த இடத்தில் என்று குறித்து எழுதுங்கள், அந்த இடத்தையே எடுத்துப் பேசுவோம்.

அன்புடன்.