படகு வந்த திசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

2015 டிசம்பரில் வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளம் மூழ்கிவிட்டது. முன்பின் பேசியே இராத குடும்பங்கள் மொட்டைமாடியில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். பள்ளிவாசலிலிருந்து சாப்பாடு வந்தது. மீனவர்கள் படகில் வந்து முதியவர்களைக் கூட்டிப்போனார்கள். ஆனால் பொங்கலுக்குள் கார் நிறுத்தும் இடத்துக்காக மறுபடி சண்டை. பேரிடரில் வரும் கருணையும் ஒற்றுமையும் ஏன் நிலைப்பதில்லை? அரசியல் கலக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

கார் சண்டையை விடுங்கள். ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள் சண்டை போடத்தான் செய்வார்கள். அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் சேர்ந்து சமைப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரசியல் கலக்காமல் எப்படிப் பேசுவது? அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்னது தணிக்கைத் துறையின் அறிக்கை. 2018இல் சட்டமன்றத்திலேயே வைத்தார்கள். தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில் வீடு கட்டியதால்தான் வீட்டுக்குப் படகு வந்தது. சரி, அதைப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தில் மீனவர்களுக்கு ஒரே ஒரு வரி. நான் அங்கேதான் நின்றுவிட்டேன்.

என் சித்தப்பா வீடு கோட்டூர்புரத்தில். டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட, அடையாறு வீட்டுக்குள் வந்தது. மறுநாள் மாடி வீட்டு பால்கனி ஓரமாக ஒரு ஃபைபர் படகு வந்து நின்றது. நடக்க முடியாத சித்தியை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். சித்தப்பா பணம் நீட்டியபோது, "வச்சுக்க சார், அடுத்த வீட்டுல குழந்தை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதை அவர் பல வருடம் கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

2023 ஏப்ரலில் பட்டினப்பாக்கம் லூப் சாலையில் மீன்கடைகளை மாநகராட்சி அகற்றியது. போக்குவரத்து நெரிசல் என்று உயர்நீதிமன்றம் தலையிட்ட வழக்கு அது. மீனவர்கள் மறியல் செய்தார்கள். டிவியில் அதைப் பார்த்த சித்தப்பா, "நல்லவேளை, இனி அந்த ரோட்டில் மூக்கைப் பிடிக்காமல் போகலாம்" என்றார். உங்களைத் தூக்கிய பையன்கள் எந்தக் குப்பம் சித்தப்பா என்று கேட்டேன். தெரியவில்லை. கேட்டுக்கொள்ளவே இல்லை. "அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார்.

அவர் நல்லவர், ஆர். என்னைப் படிக்கவைத்தவர். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

பேரிடர் கருணையைக் கொண்டுவந்தது என்கிறீர்கள். உங்களுக்கும் எனக்கும் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். அவர்களுக்கு அது அன்றாடம். கடலில் பக்கத்துப் படகு கவிழ்ந்தால், விரித்த வலையை அப்படியே விட்டுவிட்டு ஓடவேண்டும். நாளைக்குக் கவிழப்போவது தன் படகாக இருக்கலாம். நீரோட்டம் எங்கே இழுக்கும், மூழ்கிய சுவரில் படகு தட்டாமல் எப்படி ஒதுக்குவது, பயந்தவரை எப்படிப் பிடித்து ஏற்றுவது, இதெல்லாம் சிறு வயதிலிருந்து கற்றுக்கொண்ட வேலை. அந்த வேலையைத்தான் உங்கள் தெருவிலும் செய்தார்கள்.

ஒக்கி புயலை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 30. குமரி, திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து போனவர்கள் திரும்பவில்லை. தேடுங்கள் என்று கெஞ்சிய மக்கள் கடைசியில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். சொந்தப் படகுகளில் தாங்களே தேடப் போனார்கள். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, கேரளம் மூழ்கியது. பிள்ளைகளைக் கடலில் பறிகொடுத்த அதே கரையிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றி செங்ஙன்னூருக்குக் கொண்டுபோனார்கள். கேரள மீனவர்கள் 669 படகுகளில் 65,000 பேரைக் காப்பாற்றினார்கள் என்பது அரசே சொன்ன கணக்கு.

அப்புறம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பரில் வேளச்சேரியும் மூழ்கியது, தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு நடந்ததைக் கேட்கிறேன். வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் கறுப்பாகப் படிந்தது. நண்டும் இறாலும் பிடிக்கிற இடம் அது. அந்த எண்ணெயைக் குவளையிலும் வாளியிலும் கையால் அள்ளியவர்கள் மீனவர்கள்தான். உங்கள் குடியிருப்பிலிருந்து யார் போனீர்கள்? குறைந்தபட்சம் ஒரு கண்டனக் கடிதம் எழுதினீர்களா?

இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நம் வீட்டுக்குத் தண்ணீர் வந்தபோது அவர்கள் வந்தார்கள். அவர்கள் பிழைப்பில் கை வைக்கும்போது நாம் ஏன் போவதில்லை? உங்கள் குடியிருப்போர் சங்கம் நினைத்தால் மாநகராட்சிக்கும் ஆட்சியருக்கும் மனு எழுத முடியும். எண்ணூரில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், கரையில் இருப்பவர்களோடு போய் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச முடியும். கார் நிறுத்தும் சண்டைக்கு எத்தனையோ கூட்டம் போட்டிருப்பீர்கள், இதற்கும் ஒன்று போடுங்கள். நாளைச் சொன்னால் நானும் வருகிறேன்.