வாய் மட்டும் சொல்லும் ஸ்தோத்திரம்

அன்புள்ள ஐயா,

என் கணவர் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "இந்த வியாதிக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்க, அப்பதான் விடுதலை வரும்" என்றார். சொல்லிப் பார்த்தேன். வாய் சொல்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. கர்த்தரிடமே பொய் சொல்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்று வேதம் சொல்கிறதே, நான் என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 'அப்பதான்' என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள். நன்றியைக் கொடுத்து விடுதலையை வாங்குவது வியாபாரம். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகளும் சுத்தமானார்கள். திரும்பி வந்தவன் ஒரு சமாரியன் மட்டும். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். கொடுத்த சுகத்தை அவர்களிடமிருந்து பிடுங்கியதாக எழுதப்படவில்லை.

நீங்கள் சொன்ன வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18. வியாதியில் இருந்துகொண்டு நன்றி சொல்வது வேறு, வியாதிக்காக நன்றி சொல்வது வேறு. எபேசியர் 5:20-ல் 'எல்லாவற்றிற்காகவும்' என்று இருக்கிறதே என்று அந்த அக்கா கேட்கலாம். நியாயம்தான். ஒரு வேற்றுமை உருபை வைத்து முழு வழக்கையும் ஜெயித்துவிட முடியாது. அதனால் இயேசு எப்படி ஜெபித்தார் என்று பார்க்கிறேன். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் அவர் அழுதார். அப்புறம்தான், 'பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்றார். அவர் நன்றி சொன்னது பிதா தமக்குச் செவிகொடுத்ததற்கு. அதற்குள் கண்ணீர் காய்ந்திருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலும் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். திருவிருந்துக்குக் கிரேக்கத்தில் வழங்கும் 'யூகரிஸ்தியா' என்ற பெயருக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். அதே இரவில் கெத்செமனேயில், இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று கெஞ்சினார். இரண்டில் எது பொய்?

சொல்லப்போனால், உங்கள் வறண்ட ஸ்தோத்திரத்தைவிட வேறொரு ஸ்தோத்திரத்தைக் கண்டுதான் எனக்குப் பயம். லூக்கா 18-ல், தன்னை நீதிமானாக நினைத்த பரிசேயனின் ஜெபம் நன்றியில்தான் ஆரம்பிக்கிறது: வரி வசூலிக்கும் இந்த ஆயக்காரனைப்போல் நான் இல்லாததனால் ஸ்தோத்திரம். உள்ளே ஒன்றும் இல்லாமல் சொல்லியிருக்க மாட்டான், நிறைந்த மனதோடுதான் சொல்லியிருப்பான்! நோயாளியைப் பார்த்துவிட்டுப் படி இறங்கும்போது 'நமக்கு இப்படி ஆகவில்லையே, ஸ்தோத்திரம்' என்று நானும் முணுமுணுத்திருக்கிறேன். அடுத்தவர் கட்டிலை அளவுகோலாக வைத்துப் பிறந்த நன்றி அது. உங்கள் வீட்டுப் படியிலும் சிலர் அப்படி இறங்கியிருப்பார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் என்ற கத்தோலிக்கப் புனிதர் வகுத்த ஆன்ம சோதனையில், அதாவது தன் மனதைத் தானே சோதித்துப் பார்க்கும் ஜெபத்தில், முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. பாவத்தைத் தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். (உங்கள் பேச்சைப் பார்த்தால் நீங்கள் கத்தோலிக்கர் இல்லை என்று தெரிகிறது. பரவாயில்லை, நல்ல பழக்கத்தை யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.) இன்று உங்கள் கணவர் ஒரு வாய் தண்ணீரைப் புரையேறாமல் விழுங்கினாரா? அதற்கு மட்டும் நன்றி சொல்லுங்கள். ஒன்றும் அகப்படாத நாளில், ஒன்றும் அகப்படவில்லை என்றே கர்த்தரிடம் சொல்லுங்கள். சங்கீதம் 88-ல் ஒரு நன்றிகூட இல்லை; அறிமுகமானவர்களும் மறைந்துபோனார்கள் என்ற புலம்பலோடு முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்துத்தானே நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த அக்காவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த முறை ஜெபிக்க வரும்போது, உங்கள் கணவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் போய்த் தூங்குங்கள். எழுந்து வந்து அக்காவுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். அது உள்ளேயிருந்தே வரும் என்று நினைக்கிறேன்.