குன்னூர் மழைக்கு என்ன உடுத்தலாம்?

கேள்வி: நவம்பரில் குன்னூர் போகிறோம். ஜீன்ஸ், காட்டன் டி-ஷர்ட், மேலே தடிமனான ஜெர்கின் போதாதா?

ஜெர்கின் சரி. சிக்கல் உள்ளே இருக்கிறது. கோவை வெயிலுக்கு அமிர்தமான காட்டன், மலையில் நனைந்தால் லேசில் காயாது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல் சூட்டை இழுத்துவிடும். ஒருமுறை குன்னூரின் லேம்ஸ் ராக் காட்சிமுனையில் தூறல்தானே என்று ஜீன்ஸோடு நடந்தேன். முழங்காலுக்குக் கீழே ஈயத் தகடு கட்டியதுபோல் கனத்தது. ராத்திரி அறைக்கு வந்தும் மடிப்பில் ஈரம் போகவில்லை. உடம்பை ஒட்டி விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியெஸ்டர் பனியன், நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ் (பொசுபொசுவென்ற செயற்கைத் துணி), வெளியே மழை புகாத ஜெர்கின். கீழே நைலான் டிராக் பேன்ட். பார்க்க சுமார்தான், ஆனால் சீக்கிரம் காயும்.

கேள்வி: அதே துணி ஊட்டிக்கும் ஆகுமா?

ஆகும். கூடவே தடிமனான இன்னொரு ஸ்வெட்டர். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கம்தான் அதிகம் நனையும். சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் வானத்தில் மேகமில்லாத இரவுகளில் உறைபனி விழும்.

கேள்வி: அம்மாவின் பழைய கம்பளி ஸ்வெட்டரா, புதிதாக வாங்கிய இறகு ஜாக்கெட்டா?

மழை என்றால் அம்மா கட்சி. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை உறிஞ்சினாலும் கதகதப்பை விடாது. இறகு நனைந்தால் கட்டிகட்டியாகச் சுருண்டுவிடும். அதை உறைபனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெயின்கோட் போட்டும் சட்டை நனைகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் உங்கள் வியர்வைதான். மலிவான பிளாஸ்டிக் கோட்டில் அது வெளியேற வழியில்லை. காலர், தோள்பட்டைத் தையல் மட்டும் ஈரமென்றால் ஒழுகல். முதுகு முழுக்க என்றால் வியர்வை. ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றுங்கள், ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். காற்று இல்லாத மழைக்கு நம்ம குடையே மேல்.

கேள்வி: நனைந்த ஷூவை அடுப்பருகே காயவைக்கலாமா?

வேண்டாம், பசை விட்டுப்போகும். உள்ளட்டையை உருவிவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் சொதசொதவென்று வரும், மாற்றுங்கள். படுக்கும் முன் இன்னொரு முறை. காலையில் முழுசாகக் காய்ந்திராது, ஆனால் கம்பளி சாக்ஸோடு போட்டுக்கொள்ளலாம்.