எங்கள் ஆட்டத்துக்கு யார் அழுதார்கள்?

கேள்வி: ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமம் எனக்கு. வயது 26. சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. பள்ளிக்கூடக் கால்பந்து டீமிலும் ஊர் டீமிலும் ஸ்டாப்பர் பேக் ஆடினேன், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற இடம். பனி இறங்கிவிட்டால் பந்தே தெரியாது. கோலி (கோல்கீப்பர்) கத்துகிற சத்தத்தை வைத்துத்தான் ஆடுவோம். ஒரு பொங்கல் மேட்ச்சில் முழங்கால் திருகியது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஆட்டத்தை விட்டுவிட்டேன். இப்போது இங்கிலாந்தின் சண்டர்லாந்து கால்பந்து டீமைப் பற்றிய ‘சண்டர்லாந்து டில் ஐ டை’ ஆவணத் தொடரைப் பார்த்தேன். ஒரு ஊரே டீமுக்காக அழுகிறது. எங்கள் ஆட்டத்துக்கு யார் அழுதார்கள் அக்கா? அத்தனை வருஷமும் வீண்தானா?

பதில்: வீண் இல்லை தம்பி. அந்தத் தொடரை நானும் பார்த்திருக்கிறேன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

முதல் சீசன் முழுக்கத் தோல்விதான். 2017-இல் இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய டீம், 2018-இல் அதற்கும் கீழே மூன்றாம் நிலைக்குப் போய்விட்டது. சொந்த மைதானத்தில் ஜெயித்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்த நிலையில், 2017 டிசம்பரில் ஃபுல்ஹாம் டீமை 1-0 என்று வென்றார்கள். அந்த ஒரு கோலுக்கு ஜனங்கள் போட்ட கூச்சலை மறந்திருக்க மாட்டீர்கள். பின்னால் 2022-இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் வைகோம்ப் டீமை வென்று இரண்டாம் நிலைக்கு ஏறினார்கள், 2025-இல் பிரீமியர் லீக்குக்கே திரும்பினார்கள். இருந்தாலும் எனக்கு அந்த முதல் சீசன்தான் பெரிது.

அந்த ஊர் ஏன் அப்படி அழுகிறது? அவர்களுடைய ஸ்டேடியம் நிற்கும் இடம் மங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடம். 1993-இல் சுரங்கத்தை மூடினார்கள். 1997-இல் அங்கேயே ஸ்டேடியம் திறந்தார்கள். வாசலில் இன்றும் சுரங்கத் தொழிலாளியின் விளக்கு பெரிய சிலையாக நிற்கிறது. அப்பாவும் தாத்தாவும் வேலைக்கு இறங்கிய மண்ணில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறார்கள். மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் வெட்டிப் பிழைத்த குடும்பங்களைக் கேட்டால் இந்தப் பாசத்தை உங்களுக்கு விளக்கிச் சொல்வார்கள்.

ஆனால் நீங்கள் ஒப்பிட்ட விதம் நியாயமில்லை. ஒரு சீசனில் 46 லீக் மேட்ச். அதை எட்டு எபிசோடாக வெட்டி, இசை சேர்த்து, அழுகிற முகமாகத் தேடிக் கோத்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஆட்டத்தை யாரும் அப்படிக் கோத்துத் தரவில்லை, அவ்வளவுதான். பந்து கண்ணுக்குத் தெரியாதபோது ஒரு ஸ்டாப்பர் எங்கே நிற்க வேண்டும் என்பது உங்கள் காலுக்குத் தெரிந்திருந்தது. கோலியின் குரல் எந்தப் பக்கம், எதிராளி ஓடிவரும் சத்தம் எவ்வளவு தூரம், மேடு எங்கே சரிகிறது என்று கணக்குப் போட்டு ஆடியிருக்கிறீர்கள். அது அசல் கால்பந்து. கேமரா வைத்திருந்தாலும் பனியில் அது பதிவாகியிருக்காது.

ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் அதே சண்டர்லாந்து டீமில் ஆடிய டங்கன் வாட்மோரோடு ஒப்பிடுங்கள். முழங்காலில் சிலுவைத் தசைநார் கிழிந்து, மாதக்கணக்கில் உழைத்து 2017-இல் களத்துக்குத் திரும்பி, சில வாரங்களிலேயே மறுபடியும் முழங்காலில் அடிபட்ட பையன். அவர் கதை அதோடு முடியவில்லை. பின்னால் மிடில்ஸ்பரோ என்ற டீமுக்கு ஆடினார். அவருக்கு டாக்டரும் பிசியோவும் பக்கத்திலேயே இருந்தார்கள். உங்களுக்கு மலையில் யாரும் இல்லை. ‘ஆட்டத்தை விட்டுவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வைத்தியம் பார்க்காத ஒரு காயமாகத்தான் தெரிகிறது. மனசு விட்டுப்போனதும் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. உங்கள் கடையிலிருந்து தூரமில்லை. படி இறங்கும்போது முழங்கால் நழுவுகிற மாதிரி இருக்கிறதா, வீங்குகிறதா, மடக்க முடிகிறதா என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். தசைநார் கிழிந்திருந்தாலும் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியிலேயே பலர் தேறுகிறார்கள். ஆபரேஷன் செய்தால், ஒன்பது மாதமாவது ஆகாமல் மேட்ச்சுக்கு இறங்கக் கூடாது.

கால் தேறியதும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் பயிற்சியைப் பற்றி விசாரியுங்கள். பயிற்சியாளர் ஆவதற்கான ஆரம்பப் படிகளில் அது ஒன்று. உங்கள் ஊரில் இப்போதும் பிள்ளைகள் பனியில் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். சத்தத்தை வைத்து நிற்கிற வித்தையை அவர்களுக்கு உங்களைவிட நன்றாக யார் சொல்லித் தரப்போகிறார்கள்?

இந்த வாரமே ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு காலைக் காட்டுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், தம்பி.